இரண்டு பேட்டரி, இரண்டு ஃபியூஸ்

காருக்குள் பெரிய ஆம்ப்ளிஃபையர் வைத்துப் பாட்டுக் கேட்பவர்களும், டிக்கியில் குட்டி ஃபிரிட்ஜோடு ஊர் சுற்றுபவர்களும் ஒரு கட்டத்தில் இரண்டாவது பேட்டரிக்கு வந்து சேர்கிறார்கள். பானட்டுக்குள் ஒன்று, டிக்கியில் இன்னொன்று, நடுவே கால்மிதிக்கு அடியில் ஓடும் தடித்த கேபிள். 12 வோல்ட்தானே, தொட்டால் ஷாக்கூட அடிக்காதே என்ற அலட்சியத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் தீப்பிடிக்க அதிக வோல்ட் வேண்டியதில்லை, ஆம்பியர் இருந்தால் போதும். காரின் லெட் ஆசிட் பேட்டரிக்குள் ஆறு செல்கள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். அதன் உள்தடை சில மில்லி ஓம்தான். செல்ஃப் எடுக்கும் அந்தச் சில நொடிகளில் நூறு, இருநூறு ஆம்பியரை அள்ளிக் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அதே பேட்டரியின் பாசிட்டிவ் கேபிள் எங்காவது உராய்ந்து, உறை கிழிந்து, கார் பாடியைத் தொட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் பாயக்கூடும். மின்னோட்டம் பத்து மடங்கானால் கேபிளில் வெப்பம் நூறு மடங்காகும். உறை உருகும், பக்கத்தில் இருக்கும் விரிப்பு பற்றிக்கொள்ளும்.

இதைத் தடுக்கத்தான் ஃபியூஸ். ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்றத்தான் ஃபியூஸ் என்று பலர் நினைக்கிறார்கள். ஆம்ப்ளிஃபையருக்கு வேண்டிய ஃபியூஸ் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது. பேட்டரிப் பக்கத்து ஃபியூஸின் வேலை ஒயரைக் காப்பது. ஆகவே ஒயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 16 ஸ்கொயர் எம்.எம். காப்பர் கேபிளுக்கு 80 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் பயமில்லை. அது அடிக்கடி போகிறதே என்று 200 போட்டால், அந்த இடத்தில் ஃபியூஸாக எரியப்போவது கேபிள்தான். ஒரு எச்சரிக்கை: கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல ஆம்ப்ளிஃபையர் கேபிள்களில் உள்ளே இருப்பது காப்பர் பூசிய அலுமினியம். காப்பர் கடத்துவதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அது கடத்தும். முனையைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை தெரிந்துவிடும்.

ஃபியூஸைப் பேட்டரிக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைக்க வேண்டும். பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால் நல்லது. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையிலுள்ள ஒயருக்கு எந்தக் காவலும் கிடையாது என்பதே காரணம்.

ஒரு பேட்டரி வண்டியில் கதை இதோடு முடிந்தது. இரண்டு பேட்டரி வந்ததும் கணக்கு மாறுகிறது. இரண்டு கிணற்றிலிருந்து ஒரே வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கரை உடைந்தால் ஒரு பக்கத்து மடையை அடைத்து என்ன பயன்? கேபிள் நடுவில் ஷார்ட் ஆனால் பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் உடனே போய்விடும். டிக்கியில் இருக்கும் பேட்டரி அதே இடத்துக்குப் பின்பக்கத்திலிருந்து தொடர்ந்து ஊற்றிக்கொண்டிருக்கும். அதனால் கேபிளின் இரு முனையிலும், இரண்டு பேட்டரிக்கும் பக்கத்தில், தனித்தனி ஃபியூஸ் கட்டாயம். மூன்று பேட்டரி இருந்தால் மூன்று ஃபியூஸ். ‘சார், ஒண்ணு போட்டாச்சு, போதும்’ என்று சொல்லும் கடைக்காரரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

நீண்ட கேபிள் எவ்வளவு பெரிய அபாயம் என்பதைக் கார் கம்பெனிகளும் அறிந்தே இருக்கின்றன. பி.எம்.டபிள்யூவின் பல மாடல்களில் பேட்டரி டிக்கியில்தான் இருக்கும். மோதலில் ஏர்பேக் விரியும்போது, பாசிட்டிவ் டெர்மினலில் உள்ள ஒரு சிறு வெடிமருந்துச் சாதனம் முன்னால் போகும் கனத்த கேபிளைத் துண்டித்துவிடுகிறது.

பேட்டரிகளைச் சேர்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ் சேர்த்தால் வோல்ட் அதே 12, கொள்ளளவு கூடும். மாற்றிச் சேர்த்து வரிசையாக்கினால் லாரிகளில் போல 24 வோல்ட் ஆகிவிடும். சார்ஜ் நிறைந்த ஒன்றோடு இறங்கிப்போன ஒன்றை நேரடியாக இணைத்தால், ஒரு வோல்ட் வித்தியாசத்துக்கே பல பத்து ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும். ஆகவே இரண்டையும் தனித்தனியே முழு சார்ஜ் செய்துவிட்டு இணையுங்கள். நடுவில் வோல்டேஜ் பார்த்து இயங்கும் ரிலே ஒன்று இருந்தால், எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டும் சேரும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் ஓடினாலும் காலையில் செல்ஃப் எடுக்கும். டிக்கி பேட்டரி லித்தியம் வகையானால் ரிலே போதாது. அது இழுக்கிற இழுப்பில் ஆல்டர்னேட்டர் சூடாகிக் கெடக்கூடும். டிசி-டிசி சார்ஜர் வேண்டும். மூடி திறந்து தண்ணீர் ஊற்றுகிற பழைய வகை டிக்கிக்கு ஆகாது. சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் பற்றும்.

வண்டியில் வேலை பார்க்கும்போது நெகட்டிவை முதலில் கழற்றுவதும், கடைசியில் மாட்டுவதும் மெக்கானிக்குகளுக்குப் பழகிய முறை. இரண்டு பேட்டரி வண்டியில் இரண்டு நெகட்டிவையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பி ஸ்பேனர் பிடிப்பவர் உங்கள் மெக்கானிக்காக இருக்கலாம். அதனால் பானட்டுக்கு அடியில், கண்ணில் படும் இடத்தில், ‘டிக்கியில் இன்னொரு பேட்டரி உள்ளது’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.