கரி சொல்வது எந்த நாளை?

சிரட்டையை எரித்துக் கரியாக்கி, ஸ்திரிக்கைப்பெட்டிக்குள் போட்டுத் துணி மினுக்கிய காலம் கல்முனைக் கரையில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கரியில் ஒரு துண்டு மண்ணுக்குள் போய்விட்டால் அதை எதுவும் தின்னாது. பலகையைக் கறையான் அரிக்கும், இரும்பை உப்புக்காற்று தின்னும், கிடுகு சில மாரிக்குள் உக்கிப்போகும். கரி பெரும்பாலும் வெறும் காபன் என்பதால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்கு அதில் இரை இல்லை. அதனால்தான் அகழ்வுக் குழியில் பானையோட்டுக்கும் இரும்புக் கட்டிக்கும் இடையே கிடக்கும் ஒரு நகமளவு கரியைத் தொல்லியலாளர் அத்தனை கவனமாக எடுத்து வைக்கிறார். பிறகு செய்தித்தாளில், ஊரின் வயதைக் கரி நிரூபித்துவிட்டதாக ஒரு தலைப்பு வருகிறது. கரிக்கு ஊரின் வயது தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரேயொரு நாள்தான்: தான் காற்றிலிருந்து காபனை வாங்கிய கடைசி நாள். அந்த நாளுக்கும் ஊருக்கும், உலைக்கும், எழுத்துக்கும், அலைக்கும் என்ன உறவு என்பதைத் தோண்டியவர்தான் நிறுவ வேண்டும். அந்த உறவு எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் காலக்கணிப்பும் உறுதி.

கரிக்கு அந்த நாள் எப்படித் தெரிகிறது? விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தின் உயரத்தில் நைதரசன் அணுக்களைத் தாக்கி, காபன்-14 என்னும் பாரமான, நிலையற்ற காபனை ஓயாமல் உண்டாக்குகின்றன. காற்றிலுள்ள காபன் அணுக்களில் ஏறத்தாழ இலட்சம் கோடிக்கு ஒன்றுதான் இது. இலை காற்றை வாங்கி உணவு தயாரிக்கும்போது இதுவும் சேர்ந்து மரத்துக்குள் போகிறது. உயிர் இருக்கும்வரை வரவும் செலவும் ஈடாகும். வரவு நின்றபின் செலவு மட்டுமே: 5,730 ஆண்டுகளில் பாதி அழியும், மிஞ்சியதில் பாதி அடுத்த 5,730 ஆண்டுகளில் அழியும். இப்படியே ஐம்பதாயிரம் ஆண்டுகள் அளவில் எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சாது. இந்தக் கணக்கை 1949இல் சிக்காகோவில் செய்துகாட்டிய வில்லார்ட் லிபிக்கு 1960இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் அணுக்கள் சிதையும்வரை காத்திருந்து எண்ணினார். ஒரு கிராம் புதிய காபனில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 சிதைவுகள்தான் நிகழும் என்பதால் கைநிறையக் கரி வேண்டியிருந்தது. 1970களின் பிற்பகுதியில் வந்த முடுக்கிக் கருவிகள் அணுக்களை நேரடியாகவே எண்ணுகின்றன. இன்று ஒரு நெல்மணியின் கருகல் போதும்.

உறவு உறுதியாக அமைந்த ஒரு நல்ல எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே இருக்கிறது. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்பட்ட காலத்தில், அந்த மலைச்சரிவுகளில் பிரித்தானியத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் பழைய இரும்பு உலைகளைக் கண்டறிந்தார். அவை மேற்கு நோக்கிய சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்ளும்படி கட்டப்பட்டவை. துருத்தியில்லாமல் காற்றை மட்டும் நம்பி இரும்பு உருக்க முடியுமா என்ற சந்தேகம் இயல்பானது. அதே அமைப்பில் உலை கட்டி, பருவக்காற்று வீசும் நாளில் எரித்துப் பார்த்தபோது உயர்ந்த காபன் சேர்ந்த எஃகே கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான அவருடைய கட்டுரையின்படி, அந்த உலைகளின் கரி கி.பி. 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரையான காலத்தைக் காட்டியது. இங்கே கரி வேறெங்கிருந்தோ வந்து விழுந்த பொருளன்று. அதுதான் விறகு, அது எரிந்ததால்தான் இரும்பு உருகியது. இந்தக் காலத்தின் நடுவேதான், 9ஆம் நூற்றாண்டில், பக்தாதின் அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப் (இலங்கை) எஃகைக் குறிப்பிடுகிறார். அந்தக் குறிப்பு தனித்து நின்றவரை, வணிகர் வாயில் வந்த புகழ்ச்சி என்று யாரும் தள்ளிவிடலாம். ஏட்டைப் பாராத கரி அதே நூற்றாண்டுகளைச் சொன்னபிறகு அப்படித் தள்ளுவது எளிதல்ல.

இந்த முறைக்கு எதிரான ஆட்சேபங்களில் முதலாவது நியாயமானது: பழங்காலக் காற்றிலும் காபன்-14 இதே அளவில் இருந்ததா? இருக்கவில்லை. ஞாயிறும் பூமியின் காந்தமும் மாற, அந்த அளவும் ஏறி இறங்கியிருக்கிறது. ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தை மரங்களே பதிந்து வைத்திருக்கின்றன. குளிர் நாட்டு மரங்கள் ஆண்டுக்கு ஒரு வளையம் இடும். வளையங்களை எண்ணினால் உண்மையான ஆண்டு. அதே வளையத்தின் காபன்-14ஐ அளந்தால் அந்த ஆண்டின் காற்று. இவ்வாறு திருத்த அட்டவணை உருவானது. அளவீடுகள் கூடக்கூட அதுவும் திருத்தப்படுகிறது. இன்று ஒரு காலம் சொல்கிறார்கள், நாளை மாற்றுகிறார்கள் என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. நான் இதை இந்த முறையின் நேர்மையாகவே பார்க்கிறேன். ஆய்வுகூடம் தரும் எண்ணோடு ‘கூட்டல் கழித்தல்’ என்று ஒரு வீச்சும் எப்போதும் வரும். அந்த வீச்சை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அச்சிடும்போதுதான் பொய் நுழைகிறது.

இரண்டாவது ஆட்சேபம் கூடுதல் ஆழமானது, நம் காட்டு மரங்களை அறிந்தவருக்கு உடனே விளங்கும். முதிரையோ பாலையோ மெதுவாக வளர்ந்து நெடுங்காலம் நிற்கும் மரம். அதன் வைரம், மரம் நிற்கும்போதே காற்றோடு கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொண்டது. அப்படியொரு மரத்தை வெட்டி, வீட்டுக்குத் தூணாக நாட்டி, வீடு விழுந்தபின் பேரன் விறகாக்கினால், அந்த அடுப்புக் கரியின் நாள் அடுப்பெரிந்த நாளுக்குப் பல தலைமுறைகள் முந்தியது. ஆய்வுகூடம் பிழை விடவில்லை. கேட்ட கேள்விதான் பிழை. இதனால் தேர்ந்த அகழ்வாய்வாளர் தடித்த மரத்தின் கரியைவிட ஓராண்டில் விளைந்து முடியும் பொருளைத் தேடுகிறார்: நெல், விதை, சுள்ளி, சிரட்டை. மன்னாரின் மாந்தையில் 2009-10இல் அகழ்ந்து எடுத்தவற்றில் கருகிய தானியங்களும் மிளகும் ஒரு கராம்பும் கிடைத்தன. ஒரு கராம்பு மொட்டு பல தலைமுறை காத்திருந்து கருகாது.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் தமிழ்நாட்டின் கீழடி அகழ்வு பற்றிய விவாதமும் தெளிவாகும். 2019இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை, 353 சென்ரிமீற்றர் ஆழத்தில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 580 என்று அறிவித்து, தமிழ் எழுத்தின் தொடக்கத்தையும் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்கு நகர்த்தியது. அநுராதபுரத்தில் ரொபின் கொனிங்ஹாம் குழுவினரின் அகழ்விலும், பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் அசோகருக்கு முந்திய கி.மு. 4ஆம் நூற்றாண்டு அடுக்குகளில் கிடைத்தன. இரண்டிலும் காலம் அளக்கப்பட்டது கரிக்கு. எழுத்து இருப்பதோ ஓட்டில். எலி வளை, மர வேர், பழைய குப்பைக்குழி இவற்றில் எது வேண்டுமானாலும் ஓர் ஓட்டை ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தக்கூடும். அதற்கு மேல், கி.மு. 800 முதல் 400 வரை திருத்த அட்டவணையின் வளைகோடு ஏறக்குறைய மட்டமாகக் கிடப்பதால், அந்த நானூறு ஆண்டுகளுக்குள் விழும் கரி தன் நூற்றாண்டைத் துல்லியமாகச் சொல்லாது. இதனால் முடிவுகள் பொய்யாகிவிடவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக வரும் அடுக்குகளின் கரிகள் வரிசை மாறாமல் காலம் காட்டினால், ஒரு தனிக் கரிக்கு இல்லாத வலு அந்த வரிசைக்கு உண்டு. தமிழின் பழமையில் பெருமை கொள்பவர்கள்தான் அத்தகைய வரிசைகளை அதிகம் கேட்க வேண்டும்.

நம் கரைக்கு இந்த அறிவு ஏடுகளோடு நின்றுவிடும் விடயமன்று. 2004 டிசம்பர் 26இன் சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். கடல் அப்படி வரும் என்று சொல்ல மூத்தவர்களின் நினைவிலும் எதுவும் இருக்கவில்லை. நினைவு எட்டாத இடத்துக்கு மண்ணைத்தான் கேட்க வேண்டும். சுமாத்திராவின் ஆச்சே கரையில் ஒரு குகைக்குள், வௌவால் எச்சத்தின் கரிய அடுக்குகளுக்கு இடையே கடல்மணல் படைகள் கிடைத்தன. அவற்றிலிருந்த கரியையும் சிப்பிகளையும் அளந்த குழு, 7,400 முதல் 2,900 ஆண்டுகளுக்கு முன்வரை குறைந்தது 11 சுனாமிகள் அங்கே வந்ததாக 2017இல் எழுதியது. சில ஒரே நூற்றாண்டுக்குள் அடுத்தடுத்து வந்தவை. இன்னொரு இடைவெளியோ இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டியது. இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று நாட்குறித்து நிம்மதி கொள்ள அந்தக் குகை இடம் தரவில்லை.

மணற்படைக்குள் கிடக்கும் கரியை வாசிப்பதற்கும் தனி விதி உண்டு. அலை வழியில் கிடந்ததையெல்லாம் வாரி வரும், பழைய கரியும் அதில் சேரும். ஆகவே அந்தக் கரி, ‘அலை எனக்குப் பிந்தியது’ என்பதை மட்டுமே சொல்லும். மேலடுக்கின் கரி அதற்கு மறுபக்க எல்லையை வைக்கும். 2004இன் மணல் நம் ஊர்களுக்கடியிலும் எங்காவது கலையாமல் கிடக்கிறதென்றால், அதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையின் அடுப்புச் சிரட்டையும், ஒரு நூற்றாண்டுக்கு முந்திய முதிரையின் கரியும் அருகருகே இருக்கும். சிரட்டையில் 1950கள், 60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கூட்டிவிட்ட காபன்-14இன் மிச்சமும் இருக்கும், முதிரையில் இருக்காது. ஈராயிரம் ஆண்டுக்குப் பிறகு அங்கே தோண்டுபவர் முதிரையை மட்டும் எடுத்து அளந்தால் அலையை நூறு வருடம் முன்னே தள்ளிவிடுவார். பல துண்டுகளை அளந்து, அவற்றில் இளையதை நம்பினால், அந்தக் காலைக்கு அருகே வந்துவிடுவார்.