மோப்ப நாய்க்கு மார்க் போடுவது எப்படி?

‘மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சம்பவ இடத்திலிருந்து சிறிது தூரம் ஓடி மெயின் ரோட்டில் நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.’

திருட்டுச் செய்தி படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த மூன்று வரியும் மனப்பாடம். ஊர் மாறும், தேதி மாறும், களவுபோன பவுன் கணக்கு மாறும். நாய் மட்டும் தவறாமல் மெயின் ரோட்டில் வந்து நிற்கும். ஓடியதற்கு எத்தனை மார்க், நின்றதற்கு எத்தனை மைனஸ், அந்த ஓட்டத்துக்கு ஆன செலவு என்ன என்பதெல்லாம் செய்தியில் வராது.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதை உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். தணிக்கையாளர்கள் ஒருபக்கம், ஆராய்ச்சியாளர்கள் ஒருபக்கம், நடுவில் உச்ச நீதிமன்றம் வேறு. அந்தக் கணக்கு நோட்டைத்தான் இப்போது திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கப் போகிறோம். சத்தம் போடாமல் வாருங்கள். பாக்கெட்டில் பிஸ்கெட் இருந்தால் வாசலிலேயே வைத்துவிடுங்கள்; உள்ளே பரீட்சை நடக்கிறது.

முதலில் பள்ளிக்கூடம். டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் உள்ள லாக்லண்ட் ராணுவத் தளம். அமெரிக்க விமான நிலையங்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் டி.எஸ்.ஏ. அமைப்பின் நாய்கள் இங்கேதான் படிக்கின்றன. சினிமா செட் தோற்றுவிடும்! போர்டிங் கேட் இருக்கிறது, விமானம் கிடையாது. சூட்கேஸ் வந்து விழும் கன்வேயர் இருக்கிறது, ஊருக்குப் போகிறவர் ஒருவரும் இல்லை. விமானத்தின் உள்பக்கம், சரக்குக் கிடங்கு, ரயில் நிலையம், கார் நிறுத்துமிடம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு டூப்ளிகேட். டிராலி பேகை இழுத்துக்கொண்டு நடப்பவர்கள்கூடப் பயணி வேடம் போட வந்தவர்கள்தான். அவர்களில் ஒருவர் பையில் மட்டும் வெடிமருந்து வாசனைப் பொட்டலம்.

நாய் வருகிறது. கூட்டத்தைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. ஆள் நடந்துபோன பிறகு அவர் பின்னால் காற்றில் மிதக்கும் வாசனைதான் அதற்கு வேண்டும். ஒருவர் போகிறார், இருவர் போகிறார், சட்டை செய்வதில்லை. மூன்றாமவர் கடந்ததும் மூக்கு வெடுக்கென்று திரும்புகிறது, வார் விறைக்கிறது, பின்னால் வரும் ஹேண்ட்லர் இழுபடுகிறார். கண்டுபிடித்துவிட்டது! உடனே இடுப்பிலிருந்து ஒரு ரப்பர் பொம்மை பறக்கிறது. ஆறடி ஆஜானுபாகு ஆபீசர், தொட்டில் குழந்தையிடம் பேசும் கீச்சுக்குரலில் ‘சமர்த்து, சமர்த்து’ என்று கொஞ்சுகிறார். சம்பளம் அவ்வளவுதான். பி.எஃப். பிடித்தம் கிடையாது.

டி.எஸ்.ஏ. தொங்கும் காது நாய்களையே விரும்புகிறது என்பது இன்னொரு சுவாரஸ்யம். காரணம் மோப்பத்தில் இல்லை. நிமிர்ந்த காது நாயைப் பார்த்தால் பயணிகளும் குழந்தைகளும் மிரள்கிறார்களாம். லாப்ரடாருக்கும் பாயின்ட்டருக்கும் காதை வைத்தே வேலை கிடைத்துவிடுகிறது!

சரி, பில் எங்கே?

2013 ஜனவரியில், அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. அமைப்பு இந்த நாய்ப் பிரிவுகளைப் புரட்டிப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. உள்ளூர் போலீஸ்காரர் நாயைப் பிடித்து நடந்தால், ஓர் அணிக்கு முதல் ஆண்டில் டி.எஸ்.ஏ.வுக்கு அப்போது ஆன செலவு சுமார் 94,000 டாலர். அதன்பின் ஆண்டுக்கு 53,000. டி.எஸ்.ஏ.வின் சொந்த ஊழியரே பிடித்து நடந்தால் முதல் ஆண்டில் 2,18,000. பிறகு ஆண்டுக்கு 1,59,000. பயணிகளை மோப்பம் பிடிக்கும் சிறப்பு அணி என்றால் தொடக்கத்தில் 2,37,000, பிறகு 1,64,000.

முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் நாய்தான், தீனி தீனிதான், தடுப்பூசி தடுப்பூசிதான். முதல் ஆண்டுக்குப் பிறகான செலவு மட்டும் மூன்று மடங்கு. மர்மம் ஒன்றும் இல்லை: ஒரு பக்கம் ஹேண்ட்லரின் சம்பளம் உள்ளூர் போலீஸ் தலையில் விழுந்தது, டி.எஸ்.ஏ. ஓர் உதவித்தொகையோடு நிறுத்திக்கொண்டது. இன்னொரு பக்கம் முழுச் சம்பளமும் டி.எஸ்.ஏ. பையிலிருந்து. ஆக, நாய்ப் பிரிவில் விலை உயர்ந்த பிராணி இரண்டு காலில் நடக்கிறது. இதைப் படித்ததும் எனக்கு வந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

ஹோம்வொர்க்கும் இருந்தது. நான்கு வாரத்துக்குக் குறைந்தது 240 நிமிடம் பயிற்சி செய்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருந்தது. தணிக்கையாளர்கள் 2011 மே முதல் 2012 ஏப்ரல் வரையிலான பதிவுகளைப் பார்த்தால், சில அணிகள் திரும்பத் திரும்ப இந்தக் கோட்டைத் தொடவில்லை. அதைவிடப் பெரிய கூத்து, பயணிகளை மோப்பம் பிடிக்கும் அணிகளை 2011 ஏப்ரலிலேயே களத்தில் இறக்கத் தொடங்கிவிட்டார்கள். அவை அங்கே எந்த அளவு வேலை செய்யும் என்று முழுதாகச் சோதித்து முடிக்கவில்லை. ஆபத்து அதிகம் என்று அவர்களே பட்டியல் போட்ட விமான நிலையங்களுக்கும் அவை போய்ச் சேரவில்லை. அங்கிருந்த நிர்வாகங்கள் கேட்ட கேள்வி நியாயமானதுதான்: ‘கூட்டத்துக்கு நடுவில் நாய் சைகை காட்டினால் அடுத்து நாங்கள் என்ன செய்வது?’ இந்தக் குட்டுக்குப் பிறகு டி.எஸ்.ஏ. சோதனைகளை முடுக்கியது, அணிகளை இடம் மாற்றியது.

இங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. வெடிகுண்டு நாய் பணியில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை ஒரு நிஜக் குண்டைக்கூடப் பார்க்காமல் போகலாம். அதுதான் நமக்கும் வேண்டும்! ஆனால் ‘எதுவும் நடக்கவில்லை’ என்பதற்கு எப்படி மார்க் போடுவது? பொட்டலத்தை ஒளித்துவைத்துச் சோதிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. அப்படிச் சோதிக்கும்போது பொட்டலம் எங்கே இருக்கிறது என்பது யார் யாருக்குத் தெரியும்? மொத்த விஷயமும் இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது.

அதற்காகத்தான் உங்களை ஒரு தேவாலயத்துக்குக் கூட்டிப்போகிறேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த லீசா லிட் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இது. தேவாலயக் கட்டடத்தில் நான்கு அறைகள். போதைப்பொருள் அல்லது வெடிமருந்து தேடப் பழகிய 18 அணிகள். ஹேண்ட்லர்களிடம் சொன்னது: ஒவ்வோர் அறையிலும் மூன்று இடங்கள் வரை பொட்டலம் இருக்கலாம், சில இடங்களுக்கு அடையாளமாகச் சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்கும்.

அவர்களிடம் சொல்லாதது: ஒரு பொட்டலமும் இல்லை. எந்த அறையிலும் இல்லை!

நாயைச் சபலப்படுத்தச் சில இடங்களில் சாசேஜும் டென்னிஸ் பந்தும் ஒளித்திருந்தார்கள். மனிதரைச் சபலப்படுத்தச் சிவப்புக் காகிதம். ஓர் அறையில் இரண்டும் ஒன்றாக. ஓர் அறை சுத்த வெறுமை. ஒவ்வோர் அணியும் எல்லா அறையையும் இரண்டு முறை சுற்ற வேண்டும். மொத்தம் 144 தேடல்கள். கிடைக்க வேண்டிய சரியான விடை: பூஜ்யம். கிடைத்தது? ‘இங்கே இருக்கிறது’ என்று 225 முறை! அறிவிப்பே இல்லாமல் முடிந்தவை 21 தேடல்கள் மட்டும்.

இதிலே உச்சக்கட்டம் எது தெரியுமா? சாசேஜ் இருந்த இடங்களைவிடச் சிவப்புக் காகிதம் இருந்த இடங்களில்தான் அறிவிப்பு அதிகம். சாசேஜை நாய் முகரும். சிவப்புக் காகிதத்துக்கு நாயிடம் என்ன மரியாதை? அதன் அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் வாரின் மறுமுனையில் நிற்கிறார். அவர் ஒரு நொடி தயங்கி நின்றதை நாய் புரிந்துகொண்டு உட்கார்ந்ததா, நாய் சும்மா நின்றதை அவர் கண்டுபிடிப்பு என்று எடுத்துக்கொண்டாரா? ஆய்வு அதைப் பிரித்துச் சொல்லவில்லை; அறிவித்தவர் மனிதர், பதிவானது அவர் சொன்னது. எப்படியானாலும் மார்க் ஷீட்டில் இருப்பது கூட்டு மார்க். நாய்க்கு மட்டும் தனியாகப் போட்டது என்று யாராவது நீட்டினால் நம்பாதீர்கள்.

ஆய்வுக்கூடம் வேறு, தெரு வேறு என்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் தெரு இருக்கிறது. அந்த மாநிலம் 2001-ல் போதைப்பொருள் நாய்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றி, அதன் நடைமுறையைக் கண்காணிக்கும் பொறுப்பை, அரசுத் துறைகள்மீதான புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்திடம் கொடுத்தது. 2006-ல் வந்த அறிக்கையைப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளில் 17 நாய்கள் 10,211 பேரைக் காட்டிக்கொடுத்தன. சோதித்ததில் சரக்கு கிடைத்தது 26 சதவீதத்தினரிடம். அதிலும் பெரும்பகுதி கொஞ்சம் கஞ்சா. விற்பனைக் குற்றம் நிரூபணமானவர்கள்? 19 பேர். பத்தாயிரத்தில் பத்தொன்பது!

‘பொறுங்கள், மிச்ச 74 சதவீதமும் நாயின் தப்பு இல்லை’ என்று ஹேண்ட்லர்கள் சொல்வார்கள். நேற்று பையில் இருந்தது இன்று இல்லாமல் போயிருக்கலாம். வாசனை மட்டும் தங்கியிருக்கும். வாதத்தில் சாரம் உண்டு. 2013-ல் ஃப்ளோரிடா வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதைத்தான் ஏற்றது. வழக்கின் நாயகன் ஆல்டோ என்ற ஜெர்மன் ஷெப்பர்ட். ஒரு வண்டியின் கதவுக் கைப்பிடியைக் காட்டியது. உள்ளே மெத் என்ற போதைப்பொருள் தயாரிக்க உதவும் மாத்திரைகளும் ஆயிரக்கணக்கில் தீக்குச்சிகளும் கிடைத்தன. அவற்றில் எதற்கும் ஆல்டோவுக்குப் பயிற்சி இல்லை! பிறகு அதே வண்டியை மறுபடி காட்டியபோது ஒன்றுமே கிடைக்கவில்லை. தெருவில் எத்தனை முறை சரியாகக் காட்டியது என்ற பதிவேடு கட்டாயமில்லை, கட்டுப்பாடான பயிற்சித் தேர்வில் தேறியிருந்தால் அதுவே நல்ல அளவுகோல் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். சரி, யுவர் ஆனர். ஆனால் அந்தத் தேர்வில் பொட்டலம் இருக்கும் இடம் ஹேண்ட்லருக்குத் தெரிந்திருந்தால்?

தேர்வு மார்க்குக்கும் கள மார்க்குக்கும் இருக்கும் தூரத்தை மூட்டைப்பூச்சியைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. ஆம், மூட்டைப்பூச்சிக்கும் மோப்ப நாய் உண்டு. அமெரிக்காவில் அது பெரிய வியாபாரம். 2008-ல் வெளியான ஆய்வுக்காக ஃப்ளோரிடாப் பல்கலைக்கழகம் கட்டுப்பாடான சூழலில் சோதித்தபோது நாய்கள் வாங்கிய மார்க் 97.5 சதவீதம். 2014-ல் வெளியான ஆய்வுக்காக ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11 அணிகளை நிஜமாகவே பூச்சி குடியேறிய அடுக்குமாடி வீடுகளுக்கு அழைத்துப்போனார்கள். சராசரி 44 சதவீதம்! ஓர் அணி பத்தில் ஒன்றைத்தான் கண்டது, இன்னோர் அணி எல்லாவற்றையும் கண்டது. பூச்சி இல்லாத வீட்டைப் பூச்சி வீடு என்றது சராசரியாக 15 சதவீதம். அந்த வீட்டுக்காரர் மருந்தடிக்கக் கொடுத்த பணத்தை எந்த நாய்ப் பிரிவும் தன் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை. நாயின் தவறான சைகையால் விமான நிலையத்தில் வீணாகக் காலி செய்யப்படும் டெர்மினலும் இதே கதைதான்.

இவ்வளவையும் படித்துவிட்டு நாயே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. ஈராக், ஆப்கானிஸ்தான் சாலையோரக் குண்டுகளைச் சமாளிக்க பென்டகன் தனி அமைப்பு வைத்துச் சுமார் 1,900 கோடி டாலர் செலவழித்தது. 2010-ல் அந்த அமைப்பின் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் மைக்கேல் ஓட்ஸ் ஒப்புக்கொண்டது: கருவிகளை வைத்துக்கொண்டு வெடிக்கும் முன் கண்டுபிடிப்பது பாதி குண்டுகளை, நாயும் ஹேண்ட்லரும் சேர்ந்தால் 80 சதவீதம். கோடிகளைக் கொட்டிச் செய்த மெஷின்களைத் தோற்கடித்தது ரப்பர் பொம்மைக்கு வேலை செய்யும் ஒரு ஜீவன்!

பட்ஜெட் ஃபைலில் கையெழுத்துப் போடும் அதிகாரம் என்னிடம் இருந்தால் நாய்ப் பிரிவுக்குப் பணம் தருவேன். நிபந்தனை மூன்று. தேர்வு நடக்கும்போது பொட்டலம் இருக்கும் இடம் ஹேண்ட்லருக்கும் தெரியக்கூடாது, கூட நடந்து மார்க் போடுபவருக்கும் தெரியக்கூடாது. நடுநடுவே ஒன்றுமே இல்லாத அறைகளும் வர வேண்டும். விட்டது எத்தனை, வீணாகக் காட்டியது எத்தனை என்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். அந்த ரிப்போர்ட் கார்டு வரும்வரை புது நாய் வாங்கும் ஃபைல் என் மேசையை விட்டு நகராது.