படகில் பேட்டரி நிறைகிறதா?

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையோடு கட்டிக் கிடக்கும். வலை பின்னுவார்கள், வர்ணம் பூசுவார்கள், இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள். பேட்டரி பல படகுகளில் அப்படியே கிடக்கும். தடை முடிந்து சாவியைத் திருப்பும்போதுதான், "மேலே சோலார் பேனல் இருக்கிறதே, பேட்டரி எப்படிச் செத்தது?" என்ற கேள்வி வரும். தேநீரை ஊற்றிக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

படகுகளில் பரவலாக இருப்பது 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. மின்சாரம் எடுக்க எடுக்க அதன் தகடுகளில் ஈய சல்பேட் படியும். சார்ஜ் ஏற்றினால் அது மறையும். முழுதாக ஏற்றாமல் வாரக்கணக்கில் விட்டால், மிஞ்சிய சல்பேட் கெட்டிப் படிகமாக இறுகிவிடும். அதன்பின் சார்ஜ் ஏற்றினாலும் அது எளிதில் கரையாது. அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு போனதுதான். ஆகவே "சார்ஜ் ஏறுகிறதா?" என்று கேட்டால் போதாது, "நிறைகிறதா?" என்று கேட்க வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோம். ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் சேர்ந்து 1 ஆம்பியர் இழுத்தால், 24 மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-மணி. வயர்லெஸ் செட் சும்மா கேட்டுக்கொண்டிருக்க அரை ஆம்பியர், அதற்கு 12. எல்இடி விளக்குகள் 2 ஆம்பியர் வீதம் இரவு 12 மணி நேரம், அதற்கு 24. மொத்தம் 60. ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும் என்பதால் 70 என்று வையுங்கள். 100 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் சுமார் 25 முதல் 30 ஆம்பியர்-மணி தரும். இன்ஜினை நிறுத்தி நங்கூரமிட்ட நாளில் அந்த ஒரு பேனல் இந்தச் செலவை ஈடுகட்டாது. 300 வாட் வேண்டும். பாதிக்குக் கீழே இறக்காமல் இருப்பது பேட்டரிக்கு நல்லது என்பதால் 150 ஆம்பியர்-மணி பேட்டரியும் வேண்டும்.

நிறைவதற்கு நேரமும் தேவை. முதல் 80 சதவீதம் விறுவிறுவென ஏறும். மீதி 20 சதவீதம், 14.4 வோல்ட் அளவில் பல மணி நேரம் பிடித்துவைத்தால்தான் ஏறும். நிறைந்த பிறகு 13.5 வோல்ட் அளவுக்கு இறக்கி வைக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்துக்கொள்வது சார்ஜ் கன்ட்ரோலர். இன்ஜின் டைனமோவை இரண்டு மணி நேரம் ஓட்டினாலும் அந்தக் கடைசிப் பகுதி நிரம்பாது. அதனால் இன்ஜினை விடியற்காலையில் ஓட்டிவிட்டு, மிச்சத்தைப் பகல் வெயிலிடம் விடுவதே நல்ல முறை. பேனல் மீது கம்பத்தின் நிழலோ வலையோ விழாமலும் பார்க்க வேண்டும். உள்ளே செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால், சிறு நிழல்கூட வரவைப் பெரிதும் குறைத்துவிடும்.

நிறைந்ததை எப்படி அறிவது? வெயிலில் சார்ஜ் ஏறும்போது மீட்டர் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதை நம்பக் கூடாது. வரவும் செலவும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு 12.7 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.9 என்றால் ஏறக்குறைய காலி. கடலில் அந்த ஓய்வு கிடைக்காது. அங்கே உதவுவது ஷண்ட் மீட்டர். நெகட்டிவ் கேபிளில் மாட்டும் இந்தச் சிறிய கருவி, பேருந்தில் ஏறுவோரையும் இறங்குவோரையும் எண்ணும் நடத்துநரைப் போல, உள்ளே போகும் ஆம்பியரையும் வெளியே வருவதையும் எண்ணிக்கொண்டே இருக்கும். எல்லா நெகட்டிவ் வயர்களும் அதன் வழியாகவே போக வேண்டும். பேட்டரி முனையில் நேரடியாகச் சொருகிய வயர் கணக்கில் வராது. சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், பேட்டரி முழுதாக நிறையும்போது கணக்கை 100 சதவீதத்துக்குத் திருத்தவும் வேண்டும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு ஷண்ட் இன்னும் அவசியம். கொள்ளளவின் பெரும்பகுதி தீரும்வரை அதன் வோல்ட் 13.2 அருகிலேயே நிற்பதால், வோல்ட் மீட்டரை வைத்து எதையும் கணிக்க முடியாது. அதற்கென்று கன்ட்ரோலர் அமைப்பையும் மாற்ற வேண்டும்.

தடைக்காலத்துக்கு முன் ஈய-அமில பேட்டரியை முழுதாக ஏற்றுங்கள், டிஸ்டில்டு வாட்டர் அளவைச் சரிபாருங்கள், விளக்கு முதல் வயர்லெஸ் வரை எல்லா இணைப்பையும் துண்டியுங்கள். கன்ட்ரோலர் வழியாக ஒரு சிறு பேனலை மட்டும் இணைத்து வைத்து, உப்பும் தூசும் படியாமல் அவ்வப்போது துடையுங்கள். கடலில் பேட்டரி போதவில்லை என்று தோன்றினால், இன்னொரு பேனல் வாங்கும் முன் ஒரு ஷண்ட் மீட்டர் வாங்குங்கள். பேனல் தேவையா இல்லையா என்பதை அதுவே சொல்லிவிடும்.