அணையின் நீர்மட்டம் நமக்குக் கூறுவது யாது?

அதிகாலையில் லயத்துக் குழாயைத் திறந்து, வாளியை நிரப்பிவிட்டுப் பெரட்டுக்குப் புறப்படும் தொழிலாளர், அந்நீர் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது அரிது. செங் வட்டாரத்திலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள துரியான் துங்கால் நீர்த்தேக்கம் மலாக்கா மாநிலத்தின் முக்கிய நீர்க்களஞ்சியமாகும். அது முழுமையாக நிரம்பும்போது சுமார் 32 மில்லியன் கன மீட்டர் நீரைக் கொள்ளும்.

மலாக்காவில் ஓடும் ஆறுகள் நீளத்தில் குறுகியவை. தீபகற்பத்தின் பல பகுதிகளை நோக்க, இங்கு மழையும் குறைவு. ஆகவே, மழைக்காலத்து நீரைத் தேக்கி வைத்தாலன்றி வறட்சியைக் கடக்க இயலாது. 1991-ஆம் ஆண்டில் நேர்ந்த கடும் வறட்சியில் துரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றிப்போயிற்று. குழாய்கள் வறண்டன, மக்கள் தண்ணீர் லாரிகளை எதிர்பார்த்து வாளிகளுடன் வரிசையில் நின்றனர். அப்பாடத்திற்குப் பின்னர் ஜுஸ் அணை கட்டப்பட்டது. ஜொகூர் மாநிலத்து மூவார் ஆற்று நீரும் மலாக்காவுக்குக் கொண்டுவரப்படுகிறது. ஆயினும், 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீர்மட்டம் தாழ்ந்ததால் மீண்டும் நீர்ப் பங்கீடு செய்ய நேரிட்டது.

பால் மங்கு காட்டும் உண்மை

அணையின் நீர்மட்டம் பாதியாகக் குறைந்தது என்றால், நீரும் பாதி இருக்கிறது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. பால் மங்கினை நினைத்துப் பாருங்கள். அதன் வாய் அகன்றது; அடி குறுகியது. பால் பாதி உயரத்திற்கு இருந்தால், அளவில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும். நீர்த்தேக்கமும் அத்தகையதே. மேலே ஒரு மீட்டரில் அடங்கும் நீர், அடியில் ஒரு மீட்டரில் அடங்கும் நீரைவிட மிக அதிகம். எனவேதான், மட்டம் தாழத் தாழ எஞ்சியுள்ள நீர் விரைவாகத் தீர்ந்துவிடுகிறது. அன்றியும், மதகின் வாய்க்குக் கீழே தங்கும் சேற்று நீர் குடிநீருக்குப் பயன்படாது.

ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் வறண்ட மாதங்களே நீர்மட்டம் தாழும் காலமுமாகும். மரத்தில் இலை உதிரக் கண்டால், வீட்டில் நீரைச் சிக்கனப்படுத்தும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

நிறைந்த அணையும் கவனிப்புக்குரியதே

நீர் குறைவது ஒரு துன்பம் எனில், அளவுக்கு மீறி நிறைவது மற்றொரு துன்பம். நம் நாட்டுக் குடிநீர் அணைகளுள் பல மண்ணால் கட்டப்பட்டவை. மண் கரையின்மேல் நீர் வழிந்தோடினால் கரை அரிக்கப்பட்டு, சில மணி நேரத்தில் உடைந்துபோகக்கூடும். இதனைத் தடுக்கவே கரையைவிடத் தாழ்வாகக் கலிங்கு அமைக்கப்படுகிறது. மிகையான நீர் அதன் வழியே பாதுகாப்பாக வெளியேறும். கலிங்கில் நீர் வழிவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அணை தன் கடமையைச் செய்கிறது என்பதே அதன் பொருள். ஆனால், கலிங்கு நீர் செல்லும் ஆற்றோரத்தில் நிற்பது ஆபத்து.

மண் கரையின் அடியில் சிறிது நீர் கசிவதும் இயல்பே. அக்கசிவு தெளிவாக உள்ளதா, நாளுக்கு நாள் மிகுகிறதா என்பதைப் பொறியாளர்கள் அளந்து வருகின்றனர். கசிவு நீர் கலங்கி வந்தால், அது கரையின் உள்மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று பொருள். நீர்மட்டம் மிக விரைவாகத் தாழ்வதும் நல்லதன்று. நீரில் ஊறிய கரையின் உட்சரிவு அப்போது சரிந்துவிடக்கூடும்.

இவை வெறும் அச்சங்கள் அல்ல. இலங்கையில் பழைமைமிக்க கந்தளாய்க் குளத்தின் கரை 1986 ஏப்ரல் 20-ஆம் நாள் அதிகாலையில் உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நம் நாட்டில், 2013 அக்டோபரில் கனமழைக்குப் பின் கேமரன் மலையின் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நள்ளிரவில் நீர் திறந்துவிடப்பட்டது. அணை உடையவில்லை, ஆயினும், கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் விளைந்தன. மேட்டுநிலங்களில் காடுகள் திருத்தப்பட்டு, அரித்து வந்த வண்டல் அந்த அணையின் நீர்த்தேக்கத்தில் பெருமளவு படிந்து, அதன் கொள்ளளவைக் குறைத்திருந்தது. வண்டல் நிறைந்த தேக்கம் கோடையில் குறைந்த நீரையே தரும். பெருமழையிலோ விரைவில் நிரம்பிவிடும்.

நாம் செய்யத்தக்கவை

தோட்ட மண் அரிக்கப்படாமல் காப்பது அணையைக் காப்பதாகும். மறுநடவுக் காலத்தில் மூடுபயிரை அழியாமல் பாதுகாத்தலும், சரிவுகளில் வெட்டிய படிகளையும் மண்தடுப்புக் குழிகளையும் செப்பனிட்டு வைத்தலும் இதில் அடங்கும். களைக்கொல்லி கலந்த டின்களை ஓடையில் கழுவுதல் கூடாது. அந்த ஓடை நீரே பின்னர் நம் குழாய்க்கு வந்து சேரக்கூடும்.

அணைக்கரையில் மாடுகளை மேய விடுவதும், மரம் நடுவதும், மண் தோண்டுவதும் தவிர்க்கப்பட வேண்டும். குளம்பு பட்டுக் கரை சிதையும். வேர் ஓடிய வழியே நீரும் நுழையும். கரையில் புதிய வெடிப்பு, பள்ளம், கலங்கிய கசிவு ஆகியவற்றைக் கண்டால், உடனே அணைக் காவலரிடமோ பெங்ஹுலுவிடமோ தெரிவியுங்கள். அவசர வேளையில் 999 என்ற எண்ணை அழைக்கலாம். ஆற்றோரத்தில் வாழ்வோர் எச்சரிக்கைச் சங்கு கேட்டவுடன், பொருள்களை எடுக்கத் தாமதிக்காமல், குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு மேட்டுநிலத்திற்குச் செல்ல வேண்டும். அவ்வாறு செல்லும் வழியைக் குடும்பத்தினர் அனைவரும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

நம் முன்னோர் வாழ்ந்த தமிழ்நாட்டுக் கிராமங்களில் குடிமராமத்து என்றொரு வழக்கம் இருந்தது. மழைக்கு முன் ஊரார் ஒன்றுகூடி ஏரிக்கரையையும் கால்வாயையும் செப்பனிடுவர். இன்றைய பெரிய அணைகளைப் பராமரிப்பது பொறியாளர்தம் பணியே. ஆயினும், கரையருகே நாள்தோறும் நடமாடுவோர் காண்பதைப் பொறியாளர் எல்லா வேளையிலும் காண இயலாது. அந்தக் கண்களாக நாம் இருப்போமாக!