விதானையாரும் பொலிஸ் நிலையமும்

வன்னிக் கிராமமொன்றிலே கட்டாக்காலி மாடு வயலில் இறங்கிவிட்டால், முன்னாளில் நம்மவர் தேடிச் சென்றது விதானையார் வீட்டையே. அவர் வந்து மிதிபட்ட பயிரைப் பார்ப்பார், மாட்டின் குறியைக் கொண்டு சொந்தக்காரனை அறிவார், நட்டத்தையும் மதிப்பிடுவார். களவாயினும், அடிபிடியாயினும், ஐயத்துக்கிடமான மரணமாயினும் முதலில் அறிந்து மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டியவரும் அவரே.

இலங்கைப் பொலிஸ் படைக்கு 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அடித்தளமிட்டது. எனினும் பட்டினங்களில் வேரூன்றிய அப்படை, காடும் குளமும் சூழ்ந்த சிற்றூர்கள்வரை எளிதில் வந்து சேரவில்லை. ஆகவே அங்கெல்லாம் விதானையாரே பொலிஸாகவும் விளங்கினார்.

அக்காலத்தை நாம் வெறுமனே புகழ்வதற்கில்லை. ஊரை நன்கறிந்த விதானையார் ஊரின் பகையையும் உறவையும் சுமந்தவரன்றோ? காணியும் குலமும் செல்வாக்கும் உள்ள குடும்பங்களுக்கே அப்பதவி பெரும்பாலும் கிட்டியது. ஏழையின் முறையீடு அவர் வீட்டுப் படலையைத் தாண்டாதுபோன நாட்களும் உண்டு. 1963இல் அம்முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார். இன்று அவரைக் கிராம அலுவலர் என்கிறோம். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, எழுத்துமூலம் நியமிக்கப்பட்டால் அவரும் பொலிஸ் கடமை புரியலாம். ஆயினும் அன்றாடக் காவற்பணி பொலிஸ் நிலையத்தின் பொறுப்பாயிற்று.

பின்னர் போர் வந்தது. 1990களில் விடுதலைப் புலிகள் வன்னியில் தமக்கெனக் காவல்துறையொன்றை நடத்தினர். 2009இல் போர் முடிந்தபின் அரச பொலிஸார் அங்கு மீண்டும் நிலைகொண்டனர். மாங்குளம், ஒட்டுசுட்டான், மல்லாவி, நெடுங்கேணி ஆகிய இடங்களில் இன்று பொலிஸ் நிலையங்கள் உள்ளன.

எனினும் இரண்டு தூரங்கள் எஞ்சியிருக்கின்றன. முதலாவது வழித்தூரம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92,000 பேரே இருந்தனர். சதுர கிலோமீற்றருக்குச் சுமார் 35 பேர் என்பது கணக்கு. நாடு முழுவதற்குமான சராசரியோ 300க்கும் மேல். தலைக்கணக்கைப் பார்த்து ஆளணியைப் பங்கிட்டால், பரந்து கிடக்கும் ஊர்களுக்குக் காவல் எட்டாது.

இரண்டாவது மொழித்தூரம். ஒரு தாய் நாட்கூலியை இழந்து, பஸ் ஏறிப் பொலிஸ் நிலையம் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் தமிழில் சொல்கிறாள், சிங்களத்தில் எழுதப்படுகிறது, வாசித்தறிய இயலாத அந்தத் தாளின் அடியில் அவள் கையொப்பம் இடுகிறாள். எழுதியதில் ஒரு சொல் பிசகினாலும், பின்னர் நீதிமன்றத்தில் அவள் கையொப்பமே அவளுக்கு எதிர்ச்சாட்சி ஆகுமல்லவா?

தமிழும் அரசகரும மொழியென 1987இல் அரசியலமைப்பு ஏற்றுக்கொண்டது. பொலிஸ் நிலையங்களில் இரவும் பகலும் இருமொழி அறிந்த உத்தியோகத்தர் இருத்தல் வேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியிலேயே வாக்குமூலம் எழுதப்படல் வேண்டும் எனக் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும் 2011இல் விதந்துரைத்தது. இதற்குத் தமிழறிந்த ஆண்களும் பெண்களும் சேவைக்கு வரவேண்டும். போரின் நினைவு மாறாத வீடுகளில் பிள்ளையைக் காக்கியுடைக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவதை நாம் அறிவோம். அத்தயக்கத்தை நீக்கும் கடமை முதலில் அரசினுடையது.

ஜப்பான் நாட்டுச் சிற்றூர்களில் ‘சூசாய்ஷோ’ என்னும் சிறு காவல்மனைகள் உண்டு. பொலிஸ் உத்தியோகத்தர் தம் குடும்பத்துடன் அங்கேயே வாழ்ந்து, அயலவருள் ஒருவராய்ப் பழகிக் கடமை புரிகிறார். விதானையாரின் அண்மையும், பக்கம் சாராத சட்டத்தின் நேர்மையும் ஓரிடத்தில் கூடுவது அரிதன்று என்பதற்கு அது சான்று.

வன்னித் தாய்மார் கேட்பதும் பெரிதொன்றுமில்லை. தாம் சொன்னதைத் தம் மொழியில் எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, அதன்பின் கையொப்பம் கேட்கும் ஓர் உத்தியோகத்தர் எட்டும் தூரத்தில் இருந்தாற் போதும்.