கடலை மறந்த மீன்

ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடும் பருவம் வந்ததும் பிறந்த ஆற்றையே தேடித் திரும்புவது அட்லாண்டிக் சால்மன் மீனின் குலவழக்கம். எத்தனை நூறு மைல் போனாலும் அது தாய்வீட்டை மறப்பதில்லை. ஆனால் எந்தக் குலத்திலும் வழக்கத்தை மீறும் ஒரு கிளை உண்டல்லவா? சால்மன் குலத்திலும் உண்டு. அந்தக் கிளையைச் சேர்ந்த மீன்கள் ஆற்றில் பிறக்கின்றன; சில ஆண்டுகள் அங்கே வளர்கின்றன; பிறகு கடலுக்குப் போகாமல் ஏரிக்குள் நுழைந்து, அதையே கடலாகப் பாவித்து வாழ்ந்து விடுகின்றன. உப்பு நீரின் சுவையை ஆயுளில் ஒரு நாளும் அறியாத இம்மீனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், 'நிலத்தால் அடைபட்ட சால்மன்' என்று பொருள்படும்.

பெயரைக் கேட்டால் யாரோ பிடித்துச் சிறையில் அடைத்துவிட்டதாகத் தோன்றும். அது சரியன்று. கடலுக்கு வழி திறந்திருந்த இடங்களிலுங்கூட இவற்றில் பல அவ்வழியே போனதில்லை. பனியுகம் முடிந்து, பனிப்பாறைகள் உருகி, ஏரிகள் உண்டான பிறகு, குளிர்ந்த நீரும் வேண்டிய உணவும் உள்ள இடமாகப் பார்த்துத் தங்கிவிட்ட கூட்டம் இது. சிறைவாசமன்று, குடியிருப்பு என்றே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்தில் நான்கு ஆறுகளின் நீர்ப்பரப்பில் மட்டுமே இவை ஆதியில் வாழ்ந்தன. அவற்றுள் புகழ் பெற்றது செபேகோ ஏரி. 'பெரிய நீர்ப்பரப்பு' என்பது அந்நாட்டின் ஆதிக்குடிகளான அபெனாகியர் மொழியில் அப்பெயரின் பொருள். பரப்பு சுமார் 45 சதுர மைல். மிக ஆழமான இடத்தில் 316 அடி. ஏரியின் நீர்மட்டமோ கடல் மட்டத்துக்கு மேல் 270 அடிகூட இல்லை. ஆகவே கடலை மறந்த இம்மீன், கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கி உலாவலாம்! 1853-ஆம் ஆண்டில் ஜிரார் என்னும் விஞ்ஞானி இவ்வேரியின் மீனை ஆராய்ந்து, ஏரியின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1969-இல் மெய்ன் மாநிலம் இதைத் தன் மாநில மீனாக ஏற்றுக்கொண்டது.

1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியன்று எட்வர்டு பிளேக்லி என்பவர் இந்த ஏரியில் 22 ராத்தல் 8 அவுன்ஸ் எடையுள்ள சால்மன் ஒன்றைப் பிடித்தார். அந்த அளவு மீன் அங்கே மறுபடி ஒருவர் கையிலும் அகப்படவில்லை. இக்காலத்தில் நாலு ராத்தல் மீன் கிடைத்தால் படகில் உள்ளவர்கள் அதைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள்.

இம்மீனின் வாழ்வு முழுவதும் இன்னொரு சின்னஞ்சிறு மீனை நம்பியிருக்கிறது. ஸ்மெல்ட் என்பது அதன் பெயர். விரல் நீளத்துக்கு, வெள்ளி ஜரிகை போல் மின்னும். ஸ்மெல்ட் மிகுந்தால் சால்மன் கொழுக்கும், குறைந்தால் மெலியும். குளிர்காலம் முழுவதும் உறைந்து கிடக்கும் ஏரிகள் ஏப்ரல் கடைசி வாக்கில் பனி உடைந்து திறக்கின்றன. அப்பொழுது ஸ்மெல்ட் கூட்டங்கள் முட்டையிடுவதற்காக ஆற்று வாய்களை நோக்கி வருகின்றன. சால்மனும் பின்னாலேயே வருகிறது. தண்ணீர் எங்கும் ஒரே குளிராக இருப்பதால் அது மேல் மட்டத்துக்கே வந்து வேட்டையாடும். வெயில் ஏறிய பின்னரோ ஆழத்திலுள்ள குளிர்ந்த நீருக்கு இறங்கிவிடும். பிறகு தேடிப் பிடிக்க ஈயக் கம்பி பொதிந்த நூலும் வேறு பல கருவிகளும் வேண்டும். ஆகவே வசந்தத்தின் முதல் சில வாரங்களே தூண்டில்காரர்களின் திருவிழாக் காலம்.

கரையில் உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை இந்த மீனிடம் பலிக்காது. ஓடும் இரையையே அது விரும்பித் துரத்தும். எனவே படகை மெதுவாகச் செலுத்தி, 60 முதல் 100 அடி நூலைப் பின்னே விட்டு, போலி இரையை இழுத்துக்கொண்டே போக வேண்டும். இதற்கு ட்ரோலிங் என்று பெயர். மணிக்கு இரண்டு மூன்று மைல் வேகந்தான். சாதாரணமாக நடக்கும் மனிதனின் வேகம்.

போலி இரையில் இறகுகளால் கட்டிய தூண்டிலுக்குத் தனி மதிப்பு உண்டு. அதன் சரித்திரத்தில் ஒரு பெண்மணியின் பெயர் நிலைத்திருக்கிறது. கேரி ஸ்டீவன்ஸ் என்னும் அவர் தொப்பி செய்யும் தொழில் அறிந்தவர். மெய்ன் காட்டுப் பகுதியில் அப்பர் டாம் என்னும் இடத்தில் கணவருடன் வசித்தார். இறகையும் பட்டு நூலையும் கையாண்டு பழகிய விரல்களால், 1924-இல், ஸ்மெல்ட் போலத் தோன்றும் இறகுத் தூண்டில் ஒன்றைக் கட்டி, தாமே அதைக் கொண்டு 6 ராத்தல் 13 அவுன்ஸ் எடையுள்ள ட்ரௌட் மீனைப் பிடித்தார். ஒரு பத்திரிகை நடத்திய போட்டியில் அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பிறகு எங்கிருந்தெல்லாமோ அவருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் கட்டிய 'கிரே கோஸ்ட்' என்னும் தூண்டிலை, அதாவது 'சாம்பல் நிறப் பேயை', இன்றும் சால்மன் பிடிப்போர் பெட்டியில் காணலாம்.

அந்தப் பேயை நாமும் ஒரு நாள் ஏவிப் பார்க்க நேர்ந்தது. கலாசாலையில் நம்முடன் படித்த நண்பர் ஒருவர் போர்ட்லண்டு நகரத்தில் பொறியியல் வேலையில் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்தில், விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருடைய அண்டை வீட்டுப் பெரியவர் படகு வைத்திருப்பவர், எழுபது வயதைத் தாண்டியவர், அளந்துதான் பேசுவார். ஒரு நாளைக்கு உரிய உரிமச் சீட்டை வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் மூவரும் சாங்கோ ஆறு ஏரியில் கலக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பெரியவர் முதலில் தண்ணீருக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்தார். 45 டிகிரி. நமக்கோ இரண்டு கம்பளிச் சட்டைகளுக்கு உள்ளேயும் குளிர் புகுந்து எலும்பைத் தேடிக்கொண்டிருந்தது. ஏரி கண்ணாடி போல் அசைவற்றுக் கிடந்தது. "எவ்வளவு அழகு!" என்றோம்.

"அழகுதான், ஆனால் மீன் பிடிக்க உதவாது. கொஞ்சம் காற்று எழும்பட்டும்" என்றார் பெரியவர். தெளிந்து அசையாத நீரில் மேலே வந்த மீன் மிரளும். சிற்றலை எழுந்து வெளிச்சத்தைக் கலைத்தால் அதற்குத் தைரியம் பிறக்கும் என்பது அவர் கொடுத்த விளக்கம்.

படகை அவர் நேராகச் செலுத்தவில்லை. பாம்பு ஊர்வது போல வளைத்து வளைத்துப் போனார். வளைவில் வெளிப்புறத்துத் தூண்டில் வேகம் கொள்ளும். உட்புறத்தது தளர்ந்து சற்றே அமிழும். ஓட்டம் மாறிய அந்தக் கணத்தில்தான் பின்தொடரும் மீனுக்கு ஆசை கட்டுமீறுகிறதாம். பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் சுற்றளவைப் பற்றி எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம்; அதனால் ஒரு மீன் ஏமாறும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

இரண்டு மணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தையே இந்த விளையாட்டின் சாரம் என்று சொல்லலாம். படகு ஒரே சீராக முனகிக்கொண்டிருக்கிறது; கைக்கு வேலையில்லை; எழுந்து போகவும் இடமில்லை. இருபது ஆண்டுகளாகக் கடிதத்தில் எழுத முடியாததையெல்லாம் நண்பர்கள் அப்பொழுது பேசிவிடுகிறார்கள். மாண்டுபோன ஆசிரியர்கள், மணமாகிப்போன தங்கைகள், விற்றுப்போன பூர்விக வீடு எல்லாம் நம் படகில் ஏறி இறங்கின. தூரத்தில் லூன் என்னும் நீர்ப்பறவை, தனித்து நின்று யாரையோ அழைப்பது போல் நீளக் குரல் கொடுத்தது.

"கோலைப் பார், வாத்தியாரே!" என்று நண்பர் திடீரென்று கூவினார். அவருடைய கோல் வில்லாக வளைந்திருந்தது. அடுத்த கணம், படகுக்கு எண்பது அடி பின்னால், வெள்ளிக் கட்டி ஒன்று நீரைப் பிளந்து அந்தரத்தில் எழும்பி மின்னி விழுந்தது. மறுபடியும் எழும்பிற்று. நான்கு முறை துள்ளிய பிறகே கைவலைக்கு அருகே வந்தது. பெரியவர் தம் கையை ஏரியில் நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரைவிட்டு எடுக்காமலே அளந்தார், 18 அங்குலம். செதில்களைப் பாராமல் துடுப்புகளைப் பார்த்தார். "துடுப்பு எதுவும் வெட்டப்படவில்லை. ஆற்றிலே பிறந்தது. போகட்டும்" என்று முள்ளைக் கழற்றிவிட்டார். பொரிப்பகத்தில் வளர்த்து விடும் மீன்களுக்கு அடையாளமாக ஒரு துடுப்பை வெட்டிவிடுவது அந்நாட்டு வழக்கம்.

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு குறிப்புப் புத்தகம் எடுத்து எழுதினார்: தேதி, நேரம், எத்தனை கோல், என்ன மீன், என்ன நீளம், துடுப்பு வெட்டியதா இல்லையா, விடுவித்ததா எடுத்துக்கொண்டதா. நாம் வகுப்பில் எடுக்கும் ஆஜர் பட்டியலே நினைவுக்கு வந்தது. அம்மாநிலத்து மீன்துறையார் விரும்பிக் கேட்கும் தூண்டில்காரர்களிடம் இத்தகைய புத்தகங்களைக் கொடுத்து, பருவ முடிவில் திரும்பப் பெறுகிறார்கள். ஒன்றும் அகப்படாத நாளையும் அதில் எழுத வேண்டும்.

சிறிது நேரத்தில் நம் கோலும் அசைந்தது. வந்தது சால்மன் அன்று. டோக் என்று அவ்வூரார் சொல்லும் ஏரி ட்ரௌட். முன்னதைப் போல இதையும் விட்டுவிட வேண்டுமென்று எண்ணிக் கையை நனைத்தோம். பெரியவர் தலையை அசைத்தார். "இதை வீட்டுக்குக் கொண்டு போங்கள், நண்பரே. ஏரிக்கு அதுதான் நல்லது" என்றார்.

இது நமக்கு வியப்பாக இருந்தது. விசாரித்ததில் காரணம் விளங்கிற்று. டோக் செபேகோவுக்குச் சொந்த மீனன்று. 1970-களில் கொண்டுவந்து விடப்பட்டது. அதற்கும் ஸ்மெல்ட்தான் ஆகாரம். விருந்தாளி பெருகிப் பந்தியில் நெருக்கினால் வீட்டுக்காரனுக்குச் சோறு குறையும். ஆகவே டோக்கைப் பிடித்து உண்ணுமாறு மீன்துறையே ஊக்குவிக்கிறது. பிடித்ததையெல்லாம் விடுவது ஜீவகாருண்யம் என்று நினைப்போம். ஏரியின் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. கருணைக்குக் கணக்கும் துணையாக வேண்டும்.

கணக்கு இல்லாத காலத்தில் என்ன நேர்ந்தது என்பதையும் செபேகோ கண்டிருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு கொசு முதலான பூச்சிகளை ஒழிப்பதற்கென்று டி.டி.டி. மருந்தைத் தாராளமாகத் தெளித்தார்கள். மழை அதை ஏரியில் சேர்த்தது. நுண்ணுயிரிலிருந்து ஸ்மெல்ட்டுக்கும், ஸ்மெல்ட்டிலிருந்து சால்மனுக்கும் விஷம் படிப்படியாகத் திரண்டு ஏறிற்று. சால்மன் குறைந்தது. 1962-இல் ராச்செல் கார்சன் அம்மையார் எழுதிய நூல் நாட்டை விழிக்கச் செய்தது. 1966-இல் செபேகோ சால்மனின் உடலில் டி.டி.டி. இருப்பதைப் பற்றிய ஆராய்ச்சி வெளியாயிற்று. 1972-இல் அமெரிக்க அரசாங்கம் அம்மருந்தின் பொது உபயோகத்தைத் தடை செய்தது. போர்ட்லண்டு நகரத்தார் குடிப்பது இந்த ஏரியின் தண்ணீரையே என்பதை நினைத்தால், சால்மன் யாருக்காக முதலில் நோயுற்றது என்பது விளங்கும்.

இன்றைய கவலை வேறு. நியூ இங்கிலாந்து ஏரிகளில் பனி உடையும் நாளைக் கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அக்குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்ததில், 1850-க்கும் 2000-க்கும் இடையே பனி உடைவது வடபகுதியில் சுமார் 9 நாளும் தென்பகுதியில் சுமார் 16 நாளும் முந்திவிட்டது என்று தெரிந்தது. குளிரையே ஆதாரமாகக் கொண்ட மீனுக்கு இது நல்ல செய்தியன்று. எழுதி வைத்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், சாதாரண ஊர்க்காரர்கள்.

ஆனால் இந்த நீருக்காக முதலில் குரல் கொடுத்தவர், எழுதி வைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவரே அல்லர். செபேகோவின் நீரைக் கடலுக்குக் கொண்டுபோவது பிரஸம்ப்ஸ்காட் ஆறு. கர்னல் வெஸ்ட்புரூக் என்னும் வெள்ளையர் அதன் முகத்துவாரத்துக்கு அருகே அணை கட்டி மீன்களின் வழியை அடைத்தார். ஆற்றையே நம்பி வாழ்ந்த ஆதிக்குடிகளின் தலைவர் போலின், 1739-இல், பாஸ்டன் நகரம் வரை சென்று கவர்னர் பெல்ச்சரிடம் முறையிட்டார். முட்டையிட வரும் மீனுக்கு ஒரு வழி கேட்டார். கவர்னர் செவிசாய்த்தார் என்றாலும் அந்த நியாயம் நிலைக்கவில்லை. 1756-இல் நடந்த சண்டை ஒன்றில் போலின் உயிர் நீத்தார். ஆற்றில் அணைமேல் அணை எழுந்தது. கடலுக்குச் சென்று வரும் சால்மன் அங்கிருந்து அற்றுப்போயிற்று. ஏரியிலேயே தங்கிவிட்ட கிளைதான் பிழைத்தது.

2002-இல், முகத்துவாரத்தை அடுத்து நின்ற ஸ்மெல்ட் ஹில் அணையை அகற்றினார்கள். 2019-இல் ஸக்கரப்பா அருவியில் இருந்த அணையையும் அகற்றினார்கள். அது இருந்த நகரத்தின் பெயர் வெஸ்ட்புரூக். அந்தக் கர்னலின் பெயரையே தாங்கி நிற்பது! மேலே இன்னும் சில அணைகள் உள்ளன. ஆயினும் கடல்மீன்கள் மறுபடி ஆற்றில் ஏறத் தொடங்கியிருக்கின்றன. ஒரு மனிதர் கேட்ட நியாயத்துக்குப் பாதி விடை கிடைக்க 280 ஆண்டுகள் சென்றன.

ஏரியில் தூண்டில் இழுப்பது பொழுதுபோக்குத்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நண்பர்கள் மூவர் ஒரு காலைப்பொழுதைப் போக்குவதற்கு ஏரியில் மீன் இருக்க வேண்டும். மீன் இருக்க ஸ்மெல்ட் இருக்க வேண்டும். ஸ்மெல்ட் இருக்க நீர் தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். இவையெல்லாம் இருக்கின்றனவா என்று யாராவது பார்த்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அணையை உடைக்க அரசாங்கம் வேண்டும். அந்தக் குறிப்புப் புத்தகத்துக்கு ஒரு பென்சிலும், ஒன்றும் அகப்படாத நாளிலும் பொய் சொல்லாத ஒரு மனிதரும் இருந்தால் போதும்.