சட்டமும் பிரஜையும் – 14: முதல் கைத்துப்பாக்கி

பன்றியும் மயிலும் பயிரை அழிக்காமல் காக்க எண்ணும் குடியானவர் ஒருவர் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டால், அவரை விலக்கி வைக்க வேறு தடையேதும் இல்லாதவரை, சட்டம் அவரிடம் தாராளமாகவே நடந்துகொள்கிறது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே தாராளம் இடுப்பில் செருகிக்கொள்ளக்கூடிய ரிவால்வர், பிஸ்டல் விஷயத்திலும் உண்டோ என்றால், இல்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 13-ஆம் பிரிவிலேயே இந்தப் பேதத்தைச் செய்துவிடுகிறது. இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள சாதாரணத் துப்பாக்கியைத் தற்காப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ கேட்கும் பிரஜைக்கு லைசென்ஸ் வழங்க வேண்டும் என்று கூறும் அந்தப் பிரிவு, மற்ற ஆயுதங்களைக் கேட்பவரிடத்தில், அவருக்குத் தக்க காரணம் இருப்பதாக அதிகாரி திருப்தியடைந்தால் மட்டுமே வழங்கலாம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. தோளில் சார்த்திய நீண்ட துப்பாக்கியை ஊரே பார்க்கும். சட்டைக்குள் மறைந்திருப்பதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்பதை நினைத்தால், இந்த வேற்றுமையின் நியாயம் விளங்கும்.

இந்தச் சட்டத்துக்கு முன்னோடியாக இருந்தது 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் வந்த ஆயுதச் சட்டம். அதன் விதிகள் ஐரோப்பியரை விலக்கிவிட்டு, நம்மவர் கையில் மட்டும் லைசென்ஸைக் கேட்டன. நம் ஜனங்களை நிராயுதபாணிகளாக்கிய சட்டம் என்று தேசபக்தர்கள் அதை இடைவிடாது கண்டித்து வந்தார்கள். 1911-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் ஏந்தியிருந்த பிரௌனிங் பிஸ்டல் பெல்ஜியத்தில் செய்யப்பட்டது. அவர் சுடப் பழகியதோ பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில். சுதந்திரத்துக்குப் பின் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டம் நிறபேதத்தை ஒழித்ததேயன்றி லைசென்ஸை ஒழிக்கவில்லை. துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமையன்று என்று நீதிமன்றங்களும் கூறியிருக்கின்றன. ஆனால் விண்ணப்பதாரருக்குப் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கலாகாது என்று 14-ஆம் பிரிவு சொல்வதைப் பலர் அறியார்; பண்ணையாருக்கும் பணக்காரருக்கும் மட்டுமே உரியது துப்பாக்கி என்ற அபிப்பிராயம் சட்டத்தில் இல்லாதது.

அப்படியானால் தக்க காரணம் எது? 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இதை ஓரளவு தெளிவாக்குகின்றன. செய்யும் தொழிலாலோ, வேறு காரணத்தாலோ உயிரையோ சொத்தையோ காத்துக்கொள்ள வேண்டிய மெய்யான அவசியம் உள்ளவர், துப்பாக்கிச் சுடும் விளையாட்டில் முனைந்து ஈடுபட்டவர் ஆகியோரை அவை முதலில் கருதுகின்றன. இரவில் ரொக்கத்தோடு ஊர் திரும்பும் நகை வியாபாரிக்கும், சாட்சி சொன்னதால் மிரட்டப்பட்டவருக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது. வீட்டுத் திருமணத்தில் கௌரவமாக இருக்கும் என்பதற்காகக் கேட்பவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. மிரட்டல் கடிதமோ, போலீஸில் கொடுத்த புகாரின் நகலோ இருந்தால் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கு அங்கே மதிப்புக் குறைவு.

இருபத்தொரு வயது நிரம்பியவரே விண்ணப்பிக்கலாம். சென்னையில் போலீஸ் கமிஷனரிடமும், மாவட்டங்களில் கலெக்டரிடமும் ஏ-1 படிவத்தைக் கொடுக்க வேண்டும். மனநலமும் உடல்நலமும் குறித்த டாக்டர் சர்டிபிகேட்டும், ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பதாக உறுதிமொழியும் அதனுடன் செல்லும். அதன்பின் போலீஸ் விசாரணை: காவல் நிலையத்திலிருந்து வருகிறவர் வழக்கு விவரங்களைப் பார்ப்பார், அக்கம்பக்கத்தில் கேட்பார், வீட்டில் குடிப்பழக்கமோ சண்டையோ உண்டா என்று அறிவார். முப்பது நாளில் அறிக்கை அனுப்பவும், அது கிடைத்த அறுபது நாளில் அதிகாரி முடிவு செய்யவும் விதி உண்டு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அதன்மேல் அப்பீலுக்கும் இடம் உண்டு. ஆயுதத்தைக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சர்டிபிகேட்டையும் இந்த விதிகள் கேட்பதால், துப்பாக்கியைத் தொட்டே அறியாதவர் கடைக்குச் செல்லும் பழைய வழக்கத்துக்கு இனி இடமில்லை.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகே எந்தத் துப்பாக்கி என்ற கேள்வி எழ வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகத் தொடங்கி, படத்தில் கண்ட பிஸ்டலை மனத்தில் வைத்துக்கொண்டு படிவத்தைத் தேடுகிறார்கள். போலீஸும் ராணுவமும் ஏந்தும் 9 மில்லிமீட்டர் ரகம் சாதாரணப் பிரஜைக்குத் தடை செய்யப்பட்டது. 1980-களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் இறக்குமதியும் பொதுஜனங்களுக்கு மூடப்பட்டுவிட்டபடியால், முன்னர் வந்த பழைய இங்கிலீஷ், அமெரிக்கத் துப்பாக்கிகள் கைமாறும்போது யானை விலை சொல்லப்படுகிறது. எஞ்சுவது பெரும்பாலும் ‘பாயிண்ட் 32’. அதில் கான்பூர் தொழிற்சாலையின் ரிவால்வர் பழையது, பலர் அறிந்தது. அங்கேயே செய்து 2014-இல் வெளிவந்த, அரைக்கிலோ எடையுள்ள ‘நிர்பீக்’ பெண்களுக்கு உகந்தது என்று விளம்பரம் செய்யப்பட்டாலும், அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் விலை சொல்லப்பட்டது. 2023-இல் ‘பிரபல்’ வந்தது. பிஸ்டல் விரும்புவோருக்கு இஷாப்பூரின் ‘அஷானி’ இருக்கிறது.

முதன்முறை வாங்குகிறவருக்கு என் யோசனை ரிவால்வரே. பிஸ்டலில் தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டதும் காலியாகிவிட்டது என்று நினைப்பது இயல்பு. குழலறையில் ஏற்கெனவே ஏறியிருக்கும் ஒரு தோட்டா அங்கேயே தங்கியிருக்கும், அதுவே துடைக்கும் வேளையில் வெடித்து ஆளைக் கொல்லும். ரிவால்வரில் அந்த ஒளிவுமறைவு இல்லை. கடையில் பழைய கான்பூர் ரிவால்வரைக் கையில் வாங்கியதும் குழலை ஆளில்லாத பக்கம் தாழ்த்தி, விரலைக் குதிரையில் வைக்காமல், சுத்தியின் அருகேயுள்ள தாழைக் கட்டைவிரலால் தள்ளினால் துப்பாக்கி நடுவில் மடிந்து திறந்துகொள்ளும். திறக்கும்போதே உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு எழும்பும், அறைகள் ஆறும் வெற்றாயிருப்பது கண்ணுக்குத் தெரியும். பிடி உள்ளங்கையில் நிறைந்து, சுட்டுவிரலின் முதல் கணு சிரமமின்றிக் குதிரையை எட்டுகிறதா என்று பாருங்கள். சுத்தியைப் பின்னுக்கு இழுக்காமல் குதிரையை அழுத்தினால் இழுப்புக் கனமாக இருக்கும். அந்தக் கனம் குறையன்று, பதற்றத்தில் விரல் தானே அழுந்திவிடாமல் காப்பது அதுவே. கடைசியாக, உடலில் பொறித்த நம்பரும், பில்லில் எழுதிய நம்பரும், லைசென்ஸில் ஏறும் நம்பரும் ஓரிலக்கம் பிசகாமல் ஒன்றாயிருக்க வேண்டும். பிசகினால் கையிலிருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி என்ற வழக்கில் கொண்டுபோய் விடும். தனியாரிடம் பழையது வாங்குவதானால், விற்பவர் அதிகாரிக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து நாற்பத்தைந்து நாள் கழிந்த பின்னரே கைமாற்றலாம்.

வாங்கியபின் வரும் கடமைகளோ ஆயுள் முழுதும் நீடிப்பவை. தோட்டாவும் துப்பாக்கியும் குழந்தைகளின் கைக்கு எட்டாத பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். வெளியே எடுத்துச் சென்றால் உறையில் இருக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். கல்யாணத்திலும் திருவிழாவிலும் உற்சாகத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது.

ஆகவே, வாங்க நினைக்கும் அன்பர்களே, படிவத்தில் காரணம் கேட்கும் கட்டத்துக்கு வரும்போது பேனாவை நிறுத்தி, பொய் கலவாமல் எழுத ஒரு வரியேனும் உங்களிடம் உண்டா என்று யோசியுங்கள். உண்டெனில் தயங்காமல் விண்ணப்பியுங்கள். சட்டம் உங்களுக்காகவே அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இல்லையெனில் அந்த லட்ச ரூபாயில் வாசற்கதவுக்கு இரும்புக் கிராதியும் வீட்டைச் சுற்றிலும் விளக்கும் போட்டுக்கொள்ளுங்கள்; அவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம்.

தகப்பனார் விட்டுச்சென்ற துப்பாக்கி வாரிசுக்கு வந்து சேரும் முறையை அடுத்த வாரம் பார்ப்போம்.